ஒரு ஆழாக்கு மக்காச்சோளம்

நான் தைத்த முதல் பை மூன்றாவது எறியிலேயே வெடித்தது. சாணி தெளித்த வாசலில் மக்காச்சோளம் சிதறியதுதான் தாமதம், பக்கத்து வீட்டுக் கோழிகள் நாலும் வேலியைத் தாண்டி வந்துவிட்டன. தம்பி மகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். "அத்தை, இருபத்தாறு வருஷமா தைக்கிறேன்னு சொன்னீங்களே!"

சொன்னது பொய்யில்லை. வேப்பந்தட்டைப் பக்கத்தில் எங்கள் ஊர். ரவிக்கை என்றால் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். ஆனால் அந்தப் பையைக் கையில் எடுத்துப் பார்த்ததும் தப்பு புரிந்துவிட்டது. துணி கிழியவில்லை, தையல்தான் விட்டிருந்தது. ரவிக்கையின் பக்கத்துக்குப் போடுகிற அதே எட்டத் தையல், அதுவும் ஒரே வரி. ரவிக்கையில் அந்தத் தையலை, என்றைக்காவது பிரிக்க வேண்டிவரும் என்று தெரிந்தேதான் போடுகிறோம். கல்யாணம் ஆகி ஒரு வருஷம் கழித்து "அக்கா, கொஞ்சம் பிரிச்சு விடுங்க" என்று வந்து நிற்பார்கள். உள்ளே துணி விட்டிருப்போம், சட்டென்று பிரித்துக் கொடுக்கலாம். எறிகிற பைக்கு அந்தத் தயவெல்லாம் ஆகாது. அது கோணலாக இருந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. பிரிந்தால் கோழி வந்துவிடும்.

தையல் பழகுகிறவர்களுக்கு முதல் வேலையாக ரவிக்கையையோ தலையணை உறையையோ கொடுக்காமல் இதைக் கொடுக்கலாமே என்று அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது.

தம்பி மகன் அமெரிக்காவில், ஒஹையோவில் வேலை பார்க்கிறான். பொங்கலுக்கு வந்தவன் கைப்பேசியில் ஒரு விளையாட்டைக் காட்டினான். சாய்த்து வைத்த பலகை, அதில் வட்டமாக ஒரு ஓட்டை, தூரத்தில் நின்று துணிப்பையை எறிகிறார்கள். பெயர் கார்ன்ஹோல். கார்ன் என்றால் மக்காச்சோளம், ஹோல் என்றால் ஓட்டை. "இதுக்குள்ள என்ன இருக்குன்னு நெனக்கிறீங்க அத்தை? நம்ம காட்டுல வெளயறதுதான்" என்றான்.

அங்கே அதற்குக் கணக்கெல்லாம் இருக்கிறது. பலகை 4 அடி நீளம், 2 அடி அகலம். ஓட்டை 6 அங்குலம். பின்பக்கம் தரையிலிருந்து ஒரு அடி உயர்ந்திருக்கும். எதிரும் புதிருமாக இரண்டு பலகை, நடுவில் 27 அடி. பையும் 6 அங்குலச் சதுரம்தான், எடை அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஓட்டைக்குள் விழுந்தால் 3, பலகை மேல் நின்றால் 1. இரண்டு பேர் எடுத்ததையும் கழித்து மிச்சத்தை மட்டும் வைத்துக்கொள்வார்கள், 21 வந்தால் ஜெயம். 1883-லேயே ஹெய்லிகர் டி விண்ட் என்கிற ஒருவர் இதைப்போன்ற ஒரு விளையாட்டுக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியிருக்கிறார். அவருடைய பலகையில் ஓட்டை சதுரமாம். ஜப்பானில் பெண்பிள்ளைகள் ஒதெடாமா என்று சின்னச் சின்னப் பையில் சிவப்புப் பயறு அடைத்துத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறார்கள். நம் ஊர் அஞ்சாங்கல்லுக்குத் துணி சுற்றினால் எப்படியோ அப்படி.

பெரம்பலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு மக்காச்சோளத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்ற ஊர்க்காரர்களுக்காக: தமிழ்நாட்டில் மக்காச்சோளம் அதிகம் விளைகிற மாவட்டங்களில் எங்களுடையது முன்னால் நிற்கிறது. கரிசல் காடு, மழையை நம்பிய வெள்ளாமை. புரட்டாசி மழைக்கு விதைத்தால் தை மாதம் களத்துக்கு வந்துவிடும். 2018-ல் படைப்புழு வந்து குருத்தைத் தின்ற வருஷம் மட்டும் களம் களையிழந்து கிடந்தது. விளைகிறதில் பெரும்பகுதி நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளுக்குக் கோழித் தீவனமாகப் போகிறது. ஆக, வேலி தாண்டி வந்த கோழிகளையும் குற்றம் சொல்ல முடியாது. அவற்றின் சாப்பாட்டைத்தான் நான் பைக்குள் அடைத்திருந்தேன்.

அடுத்த நாளே எதிர்வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டேன். எட்டாவது படிக்கிறாள், பொங்கல் லீவு. தையல் கற்றுக்கொடுங்கள் பெரியம்மா என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தவள். மிஷினில் உட்கார வைப்பதற்கு முன்னால் துணியைத் தேடினோம்.

நீட்டி முழக்காமல் சொல்கிறேன்: காடா துணி, டக் துணி, பழைய ஜீன்ஸின் தொடைப் பகுதி, கால் குட்டையாகிப்போன பள்ளிக்கூடப் பேன்ட். இவை நான்கும் நல்லது. பனியன் துணி இழுபடும். பாலியஸ்டர் சேலை வழுக்கிக்கொண்டு ஓடும், பழகாத கையில் நிற்காது. தம்பி ஊரான உடையார்பாளையத்திலிருந்து ஒரு யோசனை வந்தது, சிமென்ட் சாக்கில் தைத்தால் என்ன என்று. அரியலூரைச் சுற்றி சிமென்ட் ஆலைகள், அந்தப் பக்கம் காலி சாக்குக்குப் பஞ்சமில்லை. தைத்தும் பார்த்தேன். எத்தனை உதறினாலும் பை விழும்போதெல்லாம் வெள்ளையாகப் புகைந்தது, ஊசி குத்திய வரி அப்படியே பிளந்துகொண்டது. வேண்டாம்.

(பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒரு காலத்தில் ஒரே திருச்சி மாவட்டம். 1995-ல் பெரம்பலூர் மாவட்டம் என்று தனியாக வந்தோம். 2001-ல் அரியலூரை வெட்டினார்கள், 2002-ல் ஒட்டினார்கள், 2007-ல் மறுபடி வெட்டினார்கள். என் தொழிலில் ஒரே துணியை இப்படிச் செய்தால் துணி கொடுத்தவர் சும்மா விடுவாரா?)

காடாவாக இருந்தால் வெட்டுவதற்கு முன் ஒரு தடவை நனைத்துக் காயப்போட்டு விடுங்கள். முதல் தண்ணீரில் சுருங்கும் துணி அது. பிறகு அட்டையில் 5 அங்குலச் சதுரம் ஒன்று வெட்டிக்கொண்டு, அதை வைத்தே சாக்பீஸால் வரைந்து வெட்டலாம். நாலு பக்கமும் அரை அங்குலம் உள்ளே போய், 4 அங்குலப் பை கிடைக்கும். பிள்ளைகளின் கைக்கு அதுதான் அளவு, அமெரிக்க அளவு அவர்களுக்குக் கனம். எட்டுப் பைக்கு மேல்துணி 16 சதுரம். அதே அளவில் உள்பைக்கு இன்னொரு 16, இதற்குப் பழைய பாவாடைத் துணி போதும். 36 அங்குல அகலத் துணியில் அரை மீட்டர் எடுத்தால் 21 சதுரம் வரும். நாலு பை ஒரு நிறம், நாலு பை இன்னொரு நிறம் என்றால்தான் விளையாடும்போது சண்டை வராது.

உள்பை எதற்கு என்று அவள் கேட்டாள். எறிகிற பை மண்ணில் புரளும், துவைத்தாக வேண்டும். மக்காச்சோளத்தோடு நனைத்தால் இரண்டே நாளில் முளை விடும், இல்லாவிட்டால் பூசணம் பூக்கும். உள்பை தனியாக இருந்தால் மேல்பையில் கையால் மூடிய இடத்தை மட்டும் பிரித்து, உள்ளிருப்பதை எடுத்து வைத்துவிட்டுத் துவைக்கலாம்.

நல்ல பக்கம் இரண்டும் உள்ளே பார்க்கும்படி இரண்டு சதுரத்தையும் சேர்த்து வைத்துத் தைக்கத் தொடங்கினாள். தையல் நீளத்தை நான் குறைத்து வைத்தேன், ஒரு அங்குலத்தில் பத்துப் பன்னிரண்டு தையல் விழுகிற மாதிரி. ஜீன்ஸாக இருந்தால் 16-ஆம் நம்பர் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். மூலை வந்ததும் அவள் பாட்டுக்குத் துணியை இழுத்துத் திருப்பினாள், ஊசி வளைந்தது. எல்லோரும் செய்கிற தப்புதான். மூலையில் நின்று, ஊசியைத் துணிக்குள் இறக்கிவிட்டு, அது இறங்கியிருக்கும்போதே துணியை அழுத்திப் பிடிக்கிற மிஷின் காலைத் தூக்கி, துணியைத் திருப்பி, மறுபடி காலை இறக்க வேண்டும். இந்த ஒன்றை நாலு மூலையில், எட்டுப் பையில் செய்தால் முப்பத்திரண்டு தடவை ஆகிவிடும். அப்புறம் ஜன்மத்துக்கும் மறக்காது. எட்டாவது பைக்கு வந்தபோது அவள் என்னோடு பேசிக்கொண்டே மூலை திரும்பினாள்.

இன்னொன்று, அடைப்பதற்கு விடுகிற வாய். அவள் அதை மூலையில் விட்டாள், அங்கேதானே தைத்து முடிகிறது என்று. மூலையில் விட்டால் மூடும்போது மூக்கு மாதிரி துருத்தும், எறிபடும்போது முதலில் பிரிவதும் அந்த இடம்தான். ஒரு பக்கத்தின் நடுவில் 2 அங்குலம் விடுங்கள். அந்த வாயின் இரண்டு ஓரத்திலும் மூன்று நாலு தையல் முன்னும் பின்னும் ஓட்டிக் கெட்டியாக்குங்கள். பிறகு முதல் வரிக்கு ஒரு நூல் வெளியே, அதே வழியில் இரண்டாவது வரி. என்னுடைய முதல் பையில் இல்லாதது அந்த இரண்டாவது வரிதான்.

மிஷின் இல்லாதவர்கள் கையாலேயே தைக்கலாம். ஓட்டுத் தையல் போடாதீர்கள், கெட்டித் தையல் போடுங்கள். ஒரு நெல் நீளம் தள்ளி ஊசியை மேலே எடுத்து, பின்னால் திரும்பி, முந்தைய தையல் முடிந்த இடத்திலேயே குத்துவது. ஒரு பைக்கு முக்கால் மணி நேரம் ஆகும், மிஷின் தையலைவிட உழைக்கும்.

மூலை நுனிகளைத் தையலில் படாமல் நறுக்கிவிட்டு, பையை வாய் வழியாகப் புரட்டி, அகப்பைக் காம்பால் மூலைகளை மெதுவாகத் தள்ளினோம். கத்திரிக்கோல் நுனியால் தள்ளினால் ஓட்டை விழும்.

இனி சோளம். அவள் அம்மா களத்திலிருந்தே கொடுத்தார். ஒன்றைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்க்க வேண்டும், டக்கென்று உடைந்தால் காய்ந்த சோளம். நசுங்கினால் இன்னும் இரண்டு நாள் வெயில் தேவை. ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். விதைத்து மிஞ்சிய விதைச்சோளம் சில வீட்டில் பாக்கெட்டோடு கிடக்கும், சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் ஏறியிருக்கும். அது அழகுக்கு ஏற்றிய சாயமில்லை, பூச்சிக்கும் பூசணத்துக்கும் மருந்து கலந்த அடையாளம். பிள்ளைகள் கையில் புழங்குகிற பைக்குள் அது போகவே கூடாது. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை வீட்டில் இருந்தால் எந்தச் சோளமானாலும் பையை மேலே எடுத்து வையுங்கள், சிதறினால் ஒன்றாவது வாய்க்குப் போய்விடும்.

பழைய காலண்டர் தாளைப் பொட்டலம் மாதிரிச் சுருட்டி நுனியை வெட்டி, உள்பையின் வாயில் செருகிக் கொட்டினோம். ஒரு பைக்கு ஒரு ஆழாக்கு. எடை போட்டால் கிட்டத்தட்ட 120 கிராம். கொள்கிற மட்டும் அடைக்கத்தான் கை போகும். அப்படி அடைத்த பை பந்து போல எகிறி ஓடிவிடும். ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினால் சோளம் கீழே இறங்கி, பிடித்த இடத்தில் இரண்டு விரல் அளவு வெறும் துணி இருக்க வேண்டும். அந்தப் பைதான் விழுந்த இடத்தில் பொத்தென்று உட்காரும். அளந்து போட்டால்தான் எல்லாப் பையும் ஒரே மாதிரி போகும். கண்ணளவு வேண்டாம், நான் கண்ணளவில் போட்டு நாலு பையைப் பிரித்தேன். உள்பையின் வாயைத் தைத்து, அதை மேல்பைக்குள் நுழைத்தோம். மேல்வாயின் ஓரங்களை உள்ளே மடித்து, இரட்டை நூலில் நெருக்கமாகக் கையால் மூடினோம்.

பலகைக்கு ஆசாரியிடம் போகவில்லை. டிவி வந்த அட்டைப்பெட்டியில் ஒரு சின்னத் தட்டைக் கவிழ்த்து வரைந்து ஓட்டை வெட்டி, பின்னால் இரண்டு செங்கல் வைத்துச் சாய்த்தோம். பிள்ளைகளுக்கு எட்டடி, எங்களுக்குப் பதினைந்து. கையைக் கீழிருந்து வீசி, பை தட்டையாகச் சுழன்று போகும்படி விட வேண்டும், தலைக்கு மேலே தூக்கி எறிந்தால் ஓட்டையைத் தாண்டித் திண்ணைக்குப் போய்விடும். என் மாமியாருக்கு எழுபத்திரண்டு வயது. உட்கார்ந்த இடத்திலிருந்தே இரண்டு பை உள்ளே போட்டார். "இதுக்கா அமெரிக்கா போனான்?" என்றார்.

ஆடி மாதம் பைகளை எடுத்தபோது நாலு பை மாவாகக் கொட்டியது. வண்டு. காயப்போட்டதோடு விட்டிருந்தேன், அது என் சோம்பல். இப்போது மாதம் ஒரு தடவை வெயிலில் வைக்கிறேன், டப்பாவில் காய்ந்த வேப்பிலை போடுகிறேன். எப்படியும் வருஷத்துக்கு ஒரு தடவை, தை அறுவடைக்கு, உள்பையைப் பிரித்துப் புதுச் சோளம் மாற்றுவதுதான் சரி. எறிந்து எறிந்து சோளம் அரைபட்டு மாவாவதும் உண்டு. அமெரிக்காவில் போட்டிக்கு விளையாடுகிறவர்கள் இதனால்தான் பிளாஸ்டிக் குருணைக்கு மாறிவிட்டார்களாம். எங்களுக்கு அது எதற்கு? பழைய சோளத்தைக் கோழி தின்கிறது.

தம்பி மகன் ஊருக்குப் போகும்போது இன்னொரு எட்டுப் பை வாங்கிக்கொண்டு போனான், காலியாக. விதை தானியமெல்லாம் அங்கே விமான நிலையத்தில் விடமாட்டார்கள், அந்த ஊர்ச் சோளத்தை வாங்கி அடைத்துக்கொள்கிறேன் என்றான். வாய் மூடுவதை இரண்டு தடவை செய்து காட்டி, ஊசியும் நூற்கண்டும் கொடுத்தனுப்பினேன். சித்திரையில் ஒரு படம் அனுப்பினான், அவனே தைத்து மூடிய எட்டுப் பையும் வரிசையாக. கூடவே ஒரு செய்தி: "எப்படி அத்தை?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒற்றை நூல்.

"அங்க கோழி இருக்காடா கண்ணு?" என்று கேட்டு அனுப்பினேன்.