நடுநிலைப்பள்ளியின் சராசரி: சொல்வதும் சொல்லாததும்

மாற்றலாகியோ பிழைப்பை நாடியோ வேற்று மாநில நகரொன்றில் குடியேறும் தமிழ்க் குடும்பம் முதலில் தேடுவது வீடு. அடுத்துத் தேடுவது பள்ளிக்கூடம். அண்டை வீட்டாரைக் கேட்டால், "அந்த அரசுப் பள்ளியில் சராசரி நன்று, இந்தப் பள்ளியில் குறைவு" என்று விடை கிடைக்கும். அவ்வொரு சொல்லை நம்பியே பிள்ளையின் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மூன்றாண்டுகள் தீர்மானமாகிவிடுகின்றன. ஆதலின், அந்தச் சராசரி எவ்வாறு உருவாகிறது என்பதை இங்குச் சற்று விரிவாக நோக்குவோம்.

முதற்கண் ஒரு சொல் விளக்கம். நடுநிலை வகுப்புகள் என்று நாம் வழங்கிவரும் இவற்றை, 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தை ஒட்டிய ஏடுகள் உயர் தொடக்கநிலை என்று குறித்தன. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை மீண்டும் நடுநிலை என்ற பெயருக்கே திரும்பியது. இதனால் மொழிபெயர்ப்போர்க்கு வேலை மிகுந்ததேயன்றி, வகுப்புகள் மாறவில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். தலைக்கு 100 மாணவர் பயிலும் இரு பள்ளிகளைக் கற்பனையாகக் கொள்வோம். முதற் பள்ளியில் 80 பிள்ளைகள் பாடமொழியையே வீட்டிலும் பேசுவோர். அவர்களது சராசரி 70 மதிப்பெண். ஏனைய 20 பேர் வேற்று மொழி பேசும் குடியேறியவர் பிள்ளைகள். அவர்களது சராசரி 50. இரண்டாம் பள்ளியில் முன்வகையினர் 40 பேர், சராசரி 75. பின்வகையினர் 60 பேர், சராசரி 55. பள்ளி முழுமைக்கும் கணக்கிட்டால் முதற் பள்ளிக்கு 66, இரண்டாம் பள்ளிக்கு 63. ஊரார் முதற் பள்ளியையே மெச்சுவர். ஆனால் இரண்டாம் பள்ளி இருவகைப் பிள்ளைகளையும் ஐந்து மதிப்பெண் உயர்த்தியிருக்கிறது! நம் பிள்ளை எவ்வகையைச் சேர்ந்ததாயினும் அதற்கு ஏற்றது இரண்டாம் பள்ளியே. சராசரி பொய் சொல்லவில்லை. யார் பயில்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டது, அவ்வளவே.

வீட்டு மொழி வேறாயிருப்பது நடுநிலை வகுப்புகளில்தான் மிகுதியாக உறுத்தும். தொடக்க வகுப்பில் கூட்டலும் கழித்தலும் கற்கப் பெரும் சொற்களஞ்சியம் வேண்டியதில்லை. ஆறாம் வகுப்பிலோ அறிவியலும் வரலாறும் தனிப் பாடங்களாக விரிந்து, பத்தி பத்தியாக வாசித்துப் பொருள் கொள்ள வேண்டியவை ஆகின்றன. 1956-இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தாய்மொழி வழியே கற்பிக்க வசதி செய்யச் சொல்வதும் தொடக்கக் கல்வி அளவில்தான். பாதுகாப்பு முடியுமிடத்தில் பாடம் கடினமாகிறது. மும்பை மாநகராட்சி தன் பள்ளிகளை மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, ஆங்கிலம், தமிழ், தெலுங்கு, கன்னடம் என எட்டு மொழிகளில் நடத்திவந்திருப்பது பாராட்டுக்குரியது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலை நாடித் தாராவிக்குச் சென்ற குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகள் தமிழிலேயே எழுத்தறிந்தது இவ்வேற்பாட்டால். எனினும் தமிழில் தொடங்கிய பிள்ளை மேல்வகுப்பில் வேறு மொழிக்கு மாற நேரும்போது, பழகும் வரை மதிப்பெண் தாழ்வது இயல்பே. அதனை அறிவுக் குறைவென்று கொள்வது தவறு.

மாணவர் வயதும் இவ்வாறே. பள்ளியை விட்டு நின்ற பிள்ளை திரும்ப வந்தால், அதன் வயதுக்கேற்ற வகுப்பிலேயே சேர்த்து, சிறப்புப் பயிற்சியும் அளிக்க வேண்டுமென்பது சட்டம். செங்கற் சூளையிலிருந்து வரும் பதினொரு வயதுச் சிறுமியை ஆறாம் வகுப்பில் சேர்க்கும் பள்ளி தன் கடமையைச் செய்கிறது. அவ்வாண்டு அதன் சராசரி இறங்குகிறது. அவளை ஏதேனும் சாக்குச் சொல்லி அனுப்பிவிடும் பள்ளியின் சராசரிக்கு யாதொரு குறையும் வாராது. கடமை செய்தவருக்கு அவப்பெயரும் தட்டிக் கழித்தவருக்கு நற்பெயரும் வாய்க்கும் இந்த விந்தையை எண்ணிப் பார்க்க வேண்டும். பிரதம் நிறுவனத்தின் ஏசர் ஆய்வினர் ஊரகங்களில் பள்ளிக்குச் செல்லாமல் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிச் சோதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: வகுப்பில் இல்லாத பிள்ளையும் கணக்கில் வரும். அவர்களது 2022-ஆம் ஆண்டு ஆய்வில், எட்டாம் வகுப்பினருள் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையின்றி வாசிக்கக் கூடியவர் 100-க்கு ஏறத்தாழ 70 பேரே.

அவப்பெயர் வெறும் பெயரோடு நிற்பதுமில்லை. நடுநிலை வகுப்புகளில் 35 மாணவர்க்கு ஓர் ஆசிரியர் என்பது சட்டத்தின் அளவு. மாணவர் தொகை 100-க்கு மேற்பட்டால்தான் முழுநேரத் தலைமையாசிரியரும், ஓவியம், உடற்கல்வி, கைத்தொழில் ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநரும் கட்டாயம். அண்டை வீட்டார் பேச்சால் பிள்ளைகள் விலகினால் தொகை குறையும். தொகை குறைந்தால் பணியிடம் குறையும். எஞ்சியிருக்கும் ஏழைப் பிள்ளைகளே அதன் விளைவை ஏற்கின்றனர்.

ஆகவே பள்ளிக்குச் செல்லும் பெற்றோர் மதிப்பெண்ணோடு வேறு சிலவற்றையும் வினவலாம். அறிவியல்-கணிதம், சமூகவியல், மொழி ஆகிய மூன்றுக்கும் தனித்தனி ஆசிரியர் உளரா? ஆறாம் வகுப்பில் சேர்ந்தவருள் எத்தனை பேர் எட்டாம் வகுப்பை எட்டினர்? புதிதாக வரும் பிள்ளைக்குப் பாடமொழி கற்பிக்கத் தனி நேரம் உண்டா? மாணவர் தொகை, ஆசிரியர் எண்ணிக்கை, கட்டட வசதி முதலியவை 'யூடைஸ்' என்னும் நாடு தழுவிய பள்ளித் தகவல் ஏட்டில் பொதுமக்கள் பார்வைக்கே உள்ளன. 2022-23-ஆம் கல்வியாண்டு முதல் அதில் மாணவர் ஒவ்வொருவரின் விவரமும் தனித்தனியே பதியப்படுகிறது.

ஆண்டின் நடுவே மாற்றலாவோர்க்கு ஒன்று: வேற்று மாநிலத்திலிருந்து வந்தாலும், மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணங்காட்டி அரசுப் பள்ளி சேர்க்கையை மறுக்கலாகாது, சட்டத்தின் ஐந்தாம் பிரிவு இதனைத் தெளிவாகக் கூறுகிறது. பிள்ளை சேர்ந்தபின், அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு இடம் பெற்றோருக்கும் காப்பாளருக்கும் உரியது. குழுவினருள் பாதிப்பேர் பெண்களாயிருத்தல் வேண்டும். குடியேறி வந்த தமிழ்த் தாய்மாரும் அவ்விடங்களுக்கு உரியவரே.