ஒரு பிள்ளைக்கு மட்டும் மருந்து போதாது!

பிறந்த நாளுக்குக் குழந்தைகள் இல்லத்தில் சாப்பாடு போடப் போகிறீர்களா? அந்தப் பிஞ்சு விரல்களைக் கொஞ்சம் கவனியுங்கள். இடுக்குகளில் பொரிப்பொரியாக இருக்கிறதா? ராத்திரியெல்லாம் தூங்காமல் சொறிகிறார்களா? 'சுத்தமில்லை' என்று திட்டாதீர்கள். சொறி சிரங்காக இருக்கலாம். தோலைக் குடைந்து வாழும் நுண்பூச்சியின் வேலை இது. நெருங்கிப் படுத்தாலே ஒட்டிக்கொள்ளும். முதல் தடவை தொற்றினால் அரிப்பு தெரியவே 4 முதல் 6 வாரம் ஆகலாம். அதனால் சொறிகிற பிள்ளைக்கு மட்டும் மருந்து தடவினால், பக்கத்துப் பாயிலிருந்து மறுபடி வந்துவிடும். டாக்டர் சொல்கிறபடி 'பெர்மெத்ரின்' களிம்பை, ஆயாம்மா உட்பட எல்லோருமே ஒரே நாளில் தடவ வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. போர்வை, துணிகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். இந்தத் தடவை கேக்கோடு களிம்புச் செலவையும் ஏற்றுக்கொள்ளலாமே! பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்கட்டும்.