பனியில் பயணமா? பிள்ளையை மூட்டை கட்டாதீங்க!

மார்கழி விடியலில் விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ சென்னை பஸ்ஸுக்கு நிற்பவர்களைப் பாருங்கள். ஒன்றரை வயசுப் பிள்ளைக்கு ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர், குரங்கு குல்லா, போதாததற்கு சால்வை! திண்டிவனத்திலிருந்து சென்னை சுமார் 120 கி.மீ. செங்கல்பட்டு தாண்டுவதற்குள் வெயில் ஏறிவிடும். பிள்ளை உள்ளே வியர்த்து நனைந்திருக்கும். அந்த ஈர பனியனில் ஜன்னல் காற்று பட்டால்தான் உடம்பு சில்லிட்டுப் போகும்.

சின்னப் பிள்ளைக்கு எடையைப் பார்க்கிலும் உடம்பின் பரப்பு அதிகம். சீக்கிரம் குளிரும். அதனால் உள்ளே மெல்லிய பருத்திச் சட்டை, மேலே முன்பக்கம் பொத்தான் வைத்த ஸ்வெட்டர், சாக்ஸ், காதை மூடும் குல்லா, இது போதும். வெயில் வந்ததும் ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். 'கை ஜில்லுனு இருக்கே'ன்னு பதறாதீங்க, பிடரியில் தொட்டுப் பாருங்கள். அங்கே வியர்த்திருந்தால் துணி அதிகம் என்று அர்த்தம். மாற்று பனியன், ஜட்டி கைப்பையிலேயே இருக்கட்டும். தூங்கும் பிள்ளையின் முகத்தைச் சால்வையால் மூடவே கூடாது.

இன்னொன்று. சளி பிடிக்குமோ என்று தேங்காயெண்ணெயில் கற்பூரம் காய்ச்சி நெஞ்சில் தடவுவது நம் பாட்டிமார் பழக்கம். சித்த மருத்துவனான நானே சொல்கிறேன், இரண்டு வயதுக்குள் அது வேண்டவே வேண்டாம். கற்பூரம் வலிப்பை உண்டாக்கக்கூடும். வாயில் போய்விட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.