மேகத்தைக் கறக்கும் சோலைகள்

மழை வானத்திலிருந்து விழுகிறது. ஆகவே ஜலத்துக்கு வானமே பொறுப்பு என்று எண்ணி நாம் வாளாவிருக்கிறோம். நீலகிரி, ஆனைமலைச் சிகரங்களிலுள்ள சோலைகளைக் கண்டவர் அங்ஙனம் எண்ணார். மழை பெய்யாத நாளிலும், மூடுபனி தவழும்போது அம்மரங்களினடியில் நீர் சொட்டித் தரை நனைகிறது. வெட்டவெளியில் வைத்த மழைமானியோ ஏறக்குறைய வெறுமையாகவே இருக்கும்.

இதில் மாயம் ஏதுமில்லை. மூடுபனியென்பது தரையைத் தொட்ட மேகமே. அதிலுள்ள திவலைகள் தலைமயிரின் கனத்தினும் சிறியவை. ஆதலின் எளிதில் கீழே விழாமல் காற்றோடு மிதந்து செல்கின்றன. இலையும் கிளையும் பாசியும் வழியில் குறுக்கிட்டால், அவற்றில் மோதி ஒட்டி, ஒன்றோடொன்று கூடிப் பெருந்துளியாகிச் சொட்டுகின்றன. சோலைமரங்களைப் போர்த்திருக்கும் பாசி அந்நீரைப் பிடித்துவைத்து மெல்ல விடுகிறது.

உலகம் இதை நெடுங்காலமாய் அறியும். கானரித் தீவுகளைச் சேர்ந்த எல் ஹியர்ரோவில் காரோயே என்னும் ஒரே மரம் மேகநீரைச் சொட்டி ஊராரின் தாகந் தீர்த்தது. 1610-ல் அது புயலில் வீழ்ந்தது. கலிபோர்னியாவின் ரெட்வுட் காடொன்றில் தரைக்கு வரும் நீரில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு மூடுபனியின் கொடையென 1998-ல் வெளியான ஆராய்ச்சி கண்டது. நமது மலைகளில் மழையே முதல். மூடுபனி அதன்மேல் வரும் வட்டி. மழையற்ற நாட்களில் மண்ணின் ஈரத்தைக் காக்க அவ்வட்டியும் உதவுகிறது.

‘எம்மரமாயினும் மரந்தானே’ என்பர் சிலர். அது தவறு. 1843-ல் நீலகிரிக்கு வந்த தைலமரமும், அதே நூற்றாண்டில் வந்த சீகைமரமும் புல்வெளிகளை விழுங்கின. கிளன்மார்கனில் 1972 முதல் பத்தாண்டுகள் அளந்து பார்த்ததில், புல்வெளியில் தைலமரம் நட்ட இடத்து ஓடைநீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. எனவே சோலை இருந்த இடத்தில் சோலையும், புல் இருந்த இடத்தில் புல்லும் இருத்தலே முறை.

கொங்குநாட்டாருக்கு இது தூரத்துச் சங்கதியன்று. பவானி நீலகிரியில் பிறந்து, அட்டப்பாடி சென்று மீண்டு, 1955-ல் கட்டிமுடிந்த பவானிசாகர் அணை வழியே ஈரோட்டுச் சீமையின் வயல்களுக்குப் பாய்கிறது. நொய்யல் வெள்ளியங்கிரியில் தோன்றுகிறது. கோவை நகரம் சிறுவாணியைப் பருகுகிறது. வாய்க்கால் பங்கீட்டுக்காகக் கோர்ட்டுக்கும் வீதிக்கும் செல்லும் நாம், அந்த ஜலம் பிறக்குமிடத்தைப் பற்றி எத்தனை கூட்டங்கள் கூட்டினோம்?

அன்னியத் தாவரங்களை அகற்றத் தமிழ்நாட்டு அரசாங்கம் 2022-ல் ஒரு கொள்கை வகுத்தது. அதை வரவேற்கிறோம். ஆனால் காகிதத்திலுள்ள கொள்கை மேகத்தைப் பிடிக்காது. எஞ்சிய சோலைகளில் கோடரி படலாகாது. அன்னிய மரங்களை ஆத்திரத்தில் ஒரேயடியாய் வெட்டாமல், நிழலில் முளைக்கும் சோலைக் கன்றுகளைக் காத்துப் படிப்படியாய் அகற்றவேண்டும். வெட்டிய சோலை ஒரு மனித ஆயுளுக்குள் திரும்பி வளராது. பாசனச் சங்கங்களும் தேசத்தொண்டர்களும் இதைத் தங்கள் கோரிக்கைகளுள் முதலாவதாகச் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.