டீரெய்லரில் ரெண்டு குட்டிச் சக்கரங்கள்

கியர் சைக்கிளில் பின்சக்கரப் பற்களுக்கு அடியில் தொங்குகிறதே, அதுதான் டீரெய்லர். அதற்குள் இரண்டு குட்டிப் பல்சக்கரங்கள் உண்டு, புல்லி என்பார்கள். மேல் புல்லி செயினை ஒரு கியரிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும். கீழ்ப் புல்லி தொய்வை இழுத்துப் பிடிக்கும்.

என் சைக்கிளில் கியர் தடுமாற ஆரம்பித்ததும் கடையில், "டீரெய்லரையே மாத்திடுங்க சார்" என்றார்கள். கழற்றிப் பார்த்தேன். புல்லிகளின் பற்கள் சுறாத் துடுப்பு மாதிரி கூராகியிருந்தன. மற்றதெல்லாம் நன்றாகவே இருந்தது. சில நூறு ரூபாயில் வேலை முடிந்தது.

இவை ஏன் இப்படித் தேய்கின்றன? நாம் மிதிக்கும் விசை செயினின் மேல்பக்கத்தில்தான் போகிறது. புல்லிகள் இருக்கும் கீழ்ப்பக்கத்தில் ஒரு ஸ்பிரிங்கின் இழுப்பு மட்டும்தான். சுமை கம்மி, ஆனால் சுற்று அதிகம். முன்னால் 44 பல், பின்னால் 22 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்பல் 2 சுற்று, 11 பல் புல்லி 4 சுற்று! போதாததற்குப் பெரும்பாலான புல்லிகள் பிளாஸ்டிக்.

இதோடு மணலும் சேர வேண்டும். திருவான்மியூரில் அதற்கா பஞ்சம்? கடற்கரைத் தெருக்களிலும், இங்கே தொடங்கி முட்டுக்காடு பக்கம் போகும் ஈசிஆரிலும் மணல் பறந்துகொண்டே இருக்கிறது. செயினில் வழியும் எண்ணெயில் அது ஒட்டினால், செயினே உப்புத்தாள் ஆகிவிடும்.

மாற்றுவது கஷ்டமில்லை. முதலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். செயினை முன்னும் பின்னும் சின்னப் பல்லில் விட்டால் தளர்ந்துவிடும். பெரும்பாலும் 3 மி.மீ. ஆலன் கீ போதும். ஒவ்வொரு புல்லியாகக் கழற்றி, பல் எண்ணிக்கை பார்த்து அதே அளவில் வாங்குங்கள். அம்புக்குறி இருந்தால் சுற்றும் திசைக்கு வையுங்கள். நடுவில் உள்ள புஷ்ஷுக்குக் கொஞ்சம் கிரீஸ். மாட்டும்போது செயின், கூண்டில் நீட்டியிருக்கும் சின்னத் தகட்டுக்கு உள்பக்கமாகப் போகணும். வெளியே போனால் கரகரவென்று உரசும்.

ஒரு விஷயம் முக்கியம். ஷிமானோவின் பல மாடல்களில் மேல் புல்லி பக்கவாட்டில் கொஞ்சம் ஆடும். அது தேய்மானம் இல்லை. செயின் தானாகப் பல்லுக்கு நேராக வந்து உட்காரட்டும் என்று வேண்டுமென்றே விட்ட இடைவெளி. ஆகவே மேலது கீழது மாறிவிடக்கூடாது. ஆட்டத்தைப் பார்த்துத் தூக்கி எறியாதீர்கள், பல்லைப் பாருங்கள்.

கையோடு செயினையும் அளந்துவிடுங்கள். புதிய செயினில் 24 கண்ணி 304.8 மி.மீ. அது 1.5 மி.மீ. கூடியிருந்தால் செயினுக்கும் வயசாகிவிட்டது. டீரெய்லரின் மூட்டுகளே லொடலொடவென்று ஆடினால்தான் கடைக்காரர் சொன்னதைக் கேட்க வேண்டும்.