கரும்பொருள் முந்திக்கொண்ட கதை

பேரண்டத்துக்கு 3,80,000 வயதானபோது கிளம்பிய ஒளியை இன்றும் அளக்கிறோம். எந்தத் திசையில் பார்த்தாலும் வெப்பநிலை வித்தியாசம் லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். இவ்வளவு சீரான ஒன்றிலிருந்து கேலக்ஸிகள் எப்படி வந்தன? ரொம்ப நாளா எனக்குப் புரியாத விஷயம் இது.

கணக்குப் போட்டால் இடிக்கிறது. அன்றிலிருந்து பேரண்டம் சுமார் 1,100 மடங்கு விரிந்திருக்கிறது. அடர்த்தி ஏற்றத்தாழ்வும் ஏறக்குறைய அவ்வளவுதான் வளர முடியும். அப்படியென்றால் இன்றைக்கும் நூற்றில் சில பங்கு வேறுபாடுதான் இருக்கணும். பால்வெளியும் இல்லை, நாமும் இல்லை!

அப்போது எலக்ட்ரான்கள் அணுவில் சேராமல் தனியாகத் திரிந்தன. ஒளி அவற்றோடு ஓயாமல் மோதியது. ஈர்ப்பு உள்ளே இழுக்க, ஒளியின் அழுத்தம் வெளியே தள்ளியது. சாதாரணப் பொருள் திரளவே முடியவில்லை.

கரும்பொருளுக்கோ ஒளியோடு சங்காத்தமே கிடையாது. சாதாரணப் பொருளைவிட ஐந்து மடங்குக்கு மேல் இருந்த அது, முன்னாடியே திரண்டு ஈர்ப்புப் பள்ளங்களை உண்டாக்கிவிட்டது. அணுக்கள் உருவாகி ஒளியின் பிடி விட்டதும், சாதாரணப் பொருள் அந்தப் பள்ளங்களில் போய் விழுந்தது.

ஒளி தள்ளியதற்கும் தடயம் இருக்கு. சுமார் 50 கோடி ஒளியாண்டு இடைவெளியில் கேலக்ஸி ஜோடிகள் சற்றே அதிகம், 2005இல் கண்டுபிடித்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்று முந்திக்கொண்டதால்தான், இதைப் படிக்க நாம் இருக்கோம்.