கிழமை பார்த்துப் போக வேண்டிய நாடு

துருக்கி உணவென்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது கெபாப். இஸ்தான்புல்லில் இரண்டு நாள் தங்கி, பழைய மசாலா பஜாரில் குங்குமப்பூ வாங்கித் திரும்புகிறவர் அந்நாட்டுச் சமையலைப் பார்த்துவிட்டதாகவே நினைப்பார். அது பாதிகூட இல்லை. அங்கே வீடுகளில் என்ன கொதிக்கிறது என்று அறிய உணவகத்தைவிட வாரச்சந்தையே நம்பத்தக்க இடம். உணவகம் வருகிறவருக்குப் பிடித்ததை ஆண்டு முழுதும் சமைக்கிறது. சந்தையோ அந்தப் பருவத்தையும் அந்த ஊர்க்காரர்களின் நாக்கையும் நம்பிக் கடை விரிக்கிறது. சந்தைக்குத் துருக்கியில் ‘பஸார்’ என்று பெயர். நாம் சொல்லும் பஜாரும் அதுவும் ஒரே பாரசீகச் சொல்தான். ஞாயிற்றுக்கிழமைக்கும் பெயர் பஸார். திங்கள் ‘பஸார்தெஸி’, அதாவது சந்தைக்கு மறுநாள். கிழமையின் பெயரிலேயே சந்தை ஏறி உட்கார்ந்திருக்கிறது.

ஏஜியன் கடற்கரை நகரமான இஸ்மிருக்குத் தென்கிழக்கே உள்ள தீரே நகரில் செவ்வாய்தோறும் பழைய தெருக்களை அடைத்துக்கொண்டு சந்தை கூடும். வசந்த காலத்தில் அங்கே குவிவது இறைச்சியல்ல, கீரை. தொட்டால் சுரீரென்று அரிக்கும் இஸிர்கன், துத்திக் குடும்பத்தைச் சேர்ந்த எபெகுமெஜி, முள் மண்டிய ஷெவ்கெதி போஸ்தான் என வயலோரத்திலும் மலைச்சரிவிலும் பறித்தவை. இதே ஏஜியன் கரையின் சந்தைகளில் உவர்நிலத்து உமரியும் விற்பனைக்கு வரும். அதை வேகவைத்து, நடுவிலுள்ள நார்த்தண்டை உருவிவிட்டு, பூண்டும் எலுமிச்சைச் சாறும் ஆலிவ் எண்ணெயும் விட்டுப் பிசறுவார்கள். இந்தக் கீரைப் பழக்கத்துக்குப் பின்னால் வரலாறும் இருக்கிறது. 1923-ல் கிரேக்கத்துடன் செய்துகொண்ட மக்கள் பரிமாற்ற ஒப்பந்தத்தால் கிரீட் தீவின் முஸ்லிம்கள் பலர் இந்தக் கரையில் குடியேறினார்கள். நிலத்தை இழந்து வந்தவர்கள் நாக்கை இழக்கவில்லை. கீரைகளை இனம் பிரித்துச் சமைக்கும் கைப்பக்குவத்தில் அவர்களுக்குப் பெரும் பங்குண்டு.

‘விற்பவர்களில் பெரும்பாலோர் மொத்த மண்டியில் வாங்கி வரும் வியாபாரிகள்தானே, இதில் கிராமம் எங்கே?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நெகிழி வாளியும் மலிவுத் துணியும் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்வதும் உண்மை. ஆனால் விளைவிப்பவர்களுக்கென்று சந்தையில் இடம் ஒதுக்கச் சட்டமே சொல்கிறது. சரக்கு எங்கிருந்து வந்தாலும், வாங்குகிறவர்கள் உள்ளூர்க்காரர்கள் என்பதே என் வாதத்துக்குப் போதுமான சான்று. ஆட்டுத்தோலில் அடைத்துப் பதப்படுத்திய துலும் பாலாடைக்கட்டியையும், தயிரும் மாவும் காய்களும் புளிக்கவைத்து உலர்த்திப் பொடித்த தர்ஹானாவையும் பயணிகளை நம்பி யாரும் மூட்டை மூட்டையாகக் கொண்டுவர மாட்டார்கள். அவை குளிர்காலத்துக்கு வீடுகள் சேர்த்துவைக்கும் பொருள்கள்.

மொழி தெரியாதே என்பது இன்னொரு தயக்கம். காய்கறிக் குவியலில் கிலோ விலை எழுதிய அட்டை செருகியிருக்கும். ஆலிவையும் பாலாடைக்கட்டியையும் ருசி பார்க்கக் கேட்டால் கொடுப்பார்கள். பசித்தால் கோஸ்லெமே சுடும் பெண்களைத் தேடிப் போகலாம். ஒக்லாவா என்ற நீண்ட மெல்லிய குழவியால் மாவைப் பின்னிருப்பது தெரியுமளவுக்குத் தேய்த்து, கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்து மடித்து, கவிழ்த்த வாணலி போன்ற ‘சாஜ்’ கல்லில் போடுகிறார்கள். மெல்லிய ரொட்டி தட்டும் இந்த மரபை 2016-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. சந்தையிலோ அது இருபுறமும் செம்புள்ளி விழுந்ததும் நான்காக வெட்டித் தாளில் சுற்றிக் கைக்கு வருகிறது.